ஆக்‌ஷன் படங்களில் பாத்திரப் பிழைகளையும் லாஜிக் ஓட்டைகளையும் கண்டுபிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1971இல் வெளிவந்த ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் ஒரு மஸ்டாங் கார் குறுகலான சந்துக்குள் வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி நுழைகிறது. மறுமுனையில் இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி வெளியே வருகிறது. சினிமாப் பிழைகளைப் பற்றிப் பேசும் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இது. இதனால் கதைக்கு எந்தச் சேதமும் இல்லை. கார் தப்பிக்க வேண்டும், தப்பித்துவிட்டது.

இன்னொரு வகைப் பிழை இருக்கிறது. சக்கரம், கண்ணாடி, சட்டை நிறம் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஒருவர் தன் இயல்பில் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வார். கதை நகர வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இருக்காது. படம் முடிந்து வெளியே வரும்போது ‘என்னவோ இடிக்குதே’ என்று தோன்றுகிறதே, அது பெரும்பாலும் இந்த வகைதான். இந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்லக் கற்றுக்கொண்டால் படம் பார்க்கும் அனுபவமே மாறும். நன்றாக எழுதப்பட்ட படத்தின் மீது மரியாதையும் கூடும்.

எங்கே தொடங்கி, எதை எழுதி, எப்படிச் சரிபார்த்து, கடைசியில் எப்படிச் சொல்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தொடங்கும் முன்: எது யாருடைய பிழை?

நான்கு வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருந்தாதது கன்டினியூட்டி பிழை. உண்மை உலகத் தகவலோடு முரண்படுவது தகவல் பிழை. கதையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை நடக்கவே முடியாததாக ஆக்கிவிட்டால் அது லாஜிக் ஓட்டை. நான்காவதான பாத்திரப் பிழையில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் அதற்குள்ளேயே இரண்டு உண்டு.

கதைக்குள் இருக்கும் ஒரு மனிதர் தப்பு செய்யலாம். பயத்தில் தவறான கதவைத் திறக்கலாம், ஆண்டை மாற்றிச் சொல்லலாம், நம்பக்கூடாதவரை நம்பலாம். மனிதர்கள் இப்படித்தான். இதைப் பிழை என்று குறிப்பது அநியாயம். அதே மனிதரை எழுத்தாளர் தன் வசதிக்காக முட்டாளாக்கினால், அது அவரை எழுதிய கையின் பிழை. நாம் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

இரண்டையும் பிரிக்க நான் நம்பும் கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தப்புக்கு யார் விலை கொடுத்தார்கள்? பாத்திரம் தானாகச் செய்த தப்பாக இருந்தால் படம் அதைக் கவனிக்கும். யாராவது காயப்படுவார்கள், யாராவது கோபப்படுவார்கள், அவரே பிறகு அதை நினைத்து வருந்துவார். எழுத்தாளரின் தப்பாக இருந்தால் அதன் பலனை மட்டும் கதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். அதைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். விலை கொடுக்கப்படாத முட்டாள்தனத்தைக் கண்டால் பென்சிலை எடுங்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். நாயகி முன்னாள் வெடிகுண்டு நிபுணர். பழைய விபத்தொன்றில் வலது காது கேட்காமல் போனவர். எந்த வயரையும் இரண்டு முறை சோதிக்காமல் தொடமாட்டார். அவருடைய தம்பி ஒரு உயரமான கட்டடத்தில் பிணையாகச் சிக்கியிருக்கிறான்.

படி 1: முதல் முறை சும்மா பாருங்கள்

நோட்டு, பேனா, இடைநிறுத்தம் எதுவும் வேண்டாம். ரசிகராக மட்டும் உட்காருங்கள். பாதி படத்தில் நிறுத்தி நிறுத்திப் பிழை தேடினால், பின்னால் வரப்போகும் விளக்கத்தையே ஓட்டை என்று எழுதிவிடுவீர்கள். முடிந்த உடனே, உறுத்திய இடங்களை மட்டும் நினைவிலிருந்து நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். முதல் பார்வையிலேயே உறுத்தியது எல்லாப் பார்வையாளரையும் உறுத்தக்கூடியது. எட்டாவது முறை, ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் அது வேறு ரகம். இந்த வித்தியாசம் கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 2: படம் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டங்களை எழுதுங்கள்

ஒவ்வொரு ஆக்‌ஷன் படமும் முதல் அரை மணி நேரத்துக்குள் தன் உலகின் சட்டங்களைச் சொல்லிவிடும். இங்கே மனிதர்கள் எவ்வளவு அடி தாங்குவார்கள்? குண்டு பட்டால் சாவார்களா, நொண்டுவார்களா? போலீஸ் வருமா, வராதா? தொழில்நுட்பம் எந்த அளவுக்குப் போகும்? இரண்டாவது முறை பார்க்கும்போது இவற்றைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரும் காட்சிகளை இந்தப் பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். உண்மை உலகத்தோடு ஒப்பிடுவது அதற்கு அடுத்த வேலை. முதல் காட்சியில் மூன்றாம் மாடியிலிருந்து குதித்துச் சட்டையைத் தட்டிவிட்டு நடந்து போன ஹீரோ, கடைசியில் ஒன்பதாம் மாடியிலிருந்து குதித்தால் அந்தப் படத்தில் அது மிகைதான், முரண் இல்லை. அதே ஹீரோ கிளைமாக்ஸில் இரண்டாம் மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்து, வில்லன் கையில் சிக்கினால் அதுதான் ஓட்டை. இயற்பியலின்படி இரண்டாவது காட்சி நியாயமானது. படத்தின் சட்டப்படி பொய். பலர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

சட்டம் எப்போது மாறுகிறது என்று கவனியுங்கள். ஹீரோவுக்குச் சாதகமாக ஒரு விதி, அடியாட்களுக்கு வேறு விதி என்பது இந்த வகைப் படங்களில் ஓரளவு வழக்கம். அதற்கும் ஒரு எல்லையைப் படமே காட்டியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டும் இடத்தை மட்டும் எழுதுங்கள்.

படி 3: முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்

ஹீரோ, வில்லன், இவர்களுக்கு அடுத்த இரண்டு பேர். அதற்கு மேல் தேவையில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஐந்து விஷயங்கள்: என்ன தெரியும், என்ன செய்யத் தெரியும், உடல் எப்படி இருக்கிறது, எதற்குப் பயம், எதைக் கொடுத்தாலும் எதைச் செய்யமாட்டார். வசனத்தில் சொன்னதற்குப் பக்கத்தில் ‘சொன்னது’ என்றும், திரையில் செய்து காட்டியதற்குப் பக்கத்தில் ‘காட்டியது’ என்றும் போடுங்கள். காட்டியதற்கு எடை அதிகம். “இவன் ஒருத்தனே நூறு பேருக்குச் சமம்” என்று யாரோ சொல்வது விளம்பரம். அவர் கத்தியைப் பிடிக்கும் விதம் சாட்சி.

நம் நாயகியின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது காது கேட்காது. தம்பி அவருடைய வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை, ஆக இது காட்டியது. பின்னால் இருட்டு அறையில், வலப்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய காலடியைக் கேட்டு அவர் சரியாக அந்தத் திசையில் சுட்டால் அது பாத்திரப் பிழை. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஒலி வரும் திசையைக் கணிப்பதே கடினம். மூளை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் முக்கியமாகத் திசையைக் கணிக்கிறது. இயக்குநர் தரையில் ஒரு நிழலையோ கண்ணாடியில் ஒரு பிம்பத்தையோ ஒரு விநாடி காட்டியிருந்தால் காட்சி பிழைத்திருக்கும். அது இருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.

கிளைமாக்ஸில் அதே நாயகி, சோதிக்காமல் குத்துமதிப்பாக ஒரு வயரை வெட்டுகிறார் என்று வையுங்கள். இரண்டு முறை சோதிப்பவர் இப்படிச் செய்யலாமா? செய்யலாம், படம் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருந்தால். எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைக்கத் துடிக்கும் பழக்கமே அவரைத் தம்பியிடமிருந்து பிரித்தது என்று இரண்டு காட்சிகளில் சொல்லப்பட்டிருந்தால், அந்த வெட்டு பாத்திரத்தின் மாற்றம். கடிகாரத்தில் மூன்று விநாடிதான் இருந்தது என்பது மட்டுமே காரணமாக இருந்தால், படம் அவரை மறந்துவிட்டது.

திறமை சட்டென்று முளைப்பதும் சட்டென்று காணாமல் போவதும் இதே பக்கத்தில் பிடிபடும். ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியும் என்ற செய்தி ஹெலிகாப்டர் தேவைப்படும் நிமிடத்தில்தான் நமக்குத் தெரியவந்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சண்டையில் பத்துப் பேரை வீழ்த்தியவர், கடத்தப்பட வேண்டிய காட்சியில் மட்டும் ஒருவனிடம் அமைதியாகச் சிக்குவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: யாருக்கு, எப்போது, என்ன தெரியும்?

வேலை அதிகம் பிடிக்கும் படி இதுதான். பலனும் இதில்தான் அதிகம். கதையின் ரகசியங்களை இடப்பக்கம் வரிசையாக எழுதுங்கள்: தம்பி எந்த மாடியில் இருக்கிறான், குண்டு எங்கே, உள்ளிருந்து தகவல் கொடுப்பவர் யார், பணம் எங்கே. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அது எந்த நிமிடத்தில், எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள். பார்த்தாரா, கேட்டாரா, யூகித்தாரா, யாராவது சொன்னார்களா? ‘எப்படி’ என்ற கட்டம் காலியாக இருந்தும் அவர் அந்தத் தகவலின்படி நடக்கிறார் என்றால், அவருக்கு அதைச் சொன்னது திரைக்கதை.

இதன் மிகத் தூய உதாரணம் 1959இல் வந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் இருக்கிறது. மவுண்ட் ரஷ்மோர் உணவகக் காட்சியில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான். பல முறை எடுத்த காட்சி என்பதால் சத்தம் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பையன் துணை நடிகர், கதையைத் தொடாதவர், அதனால் நாம் புன்னகையோடு கடந்துவிடுகிறோம். அதே வேலையை ஒரு ஹீரோ செய்தால், அதாவது தெரிந்திருக்கவே முடியாத பதுங்குமிடத்துக்கு நேராகப் போய் நின்றால், மொத்தத் துப்பறிதலும் வீணாகிறது.

தகவல் தப்பான திசையில் காணாமல் போவதும் உண்டு. வில்லனின் முகத்தை நேரில் பார்த்த ஒருவர் அடுத்த அரை மணி நேரத்துக்கு அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பார். கையில் செல்போன் இருக்கும், பேட்டரியும் இருக்கும். சொன்னால் கதை முடிந்துவிடும் என்பதற்காக மௌனமாக இருப்பவர்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். நல்ல எழுத்தாளர் இந்த மௌனத்துக்குக் காரணம் தருவார்: வெட்கம், மிரட்டல், பழைய பகை, அல்லது சொல்லியும் நம்பாத ஒருவர்.

படி 5: கடிகாரமும் வரைபடமும்

கதைக்குள் கடிகாரம் காட்டும்போதெல்லாம் திரை நேரத்தையும் குறியுங்கள். “இன்னும் பத்து நிமிடம்” என்ற வசனத்துக்குப் பிறகு திரையில் இருபது நிமிடம் ஓடுகிறதா? ஒரே நேரத்தில் நடக்கும் காட்சிகளை மாற்றி மாற்றிக் காட்டும்போது திரை நேரம் நீள்வது நியாயம்தான், ஆகவே உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாயகி ஒருத்தியோடு மட்டும் இடைவிடாமல் போகும் ஷாட்களைக் கூட்டிப் பாருங்கள். அதுவே பத்து நிமிடத்தைத் தாண்டினால் கணக்கு உதைக்கிறது.

பயணமும் அப்படியே. முந்தைய ஷாட்டில் பகல், அடுத்ததில் நள்ளிரவு, நடுவில் ஒரு தெரு. மற்றவர்கள் எல்லோரும் விமானத்தில் போக, ஒருவர் மட்டும் காரில் கிளம்பி முன்னதாக வந்து நிற்பார்.

சண்டை நடக்கும் இடத்துக்குக் காகிதத்தில் ஒரு தரைப்படம் போடுங்கள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம். கேமரா இரண்டு பேருக்கும் நடுவே உள்ள கற்பனைக் கோட்டை எச்சரிக்கையின்றித் தாண்டினால், இடமிருந்து வலம் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென வலமிருந்து இடம் ஓடுவார். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். அது படமாக்கலின் குறை. வெளியேறும் வழியே இல்லை என்று காட்டிய அறையிலிருந்து ஒருவர் மாயமாக மறைந்தால் அது கதையின் குறை. தரைப்படம் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தின் கார் துரத்தலை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மறுபடி மறுபடி முந்திச் செல்கிறார்கள். வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரிலிருந்து, ஒரு காரில் இருக்கக்கூடியதைவிட அதிகமான சக்கர மூடிகள் கழன்று உருள்கின்றன. ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து அவற்றை அடுத்தடுத்த நிகழ்வுகளாகக் கோத்தால் இப்படித்தான் ஆகும். அப்படியிருந்தும் அந்தத் துரத்தல் இன்றைக்கும் கொண்டாடப்படுகிறது. யார் யாரைத் துரத்துகிறார்கள், ஏன், எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் கிடையாது. பிழையின் எண்ணிக்கையும் படத்தின் தரமும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் மாறிப் படமெடுப்பதும் தடயம் விடும். ‘டை ஹார்ட் 2’ (1990) வாஷிங்டன் விமான நிலையத்தில் நடக்கும் கதை. அதில் வரும் பொதுத் தொலைபேசியில் கலிபோர்னியாவின் பசிபிக் பெல் நிறுவனப் பெயர் தெரிகிறது.

படி 6: ஆயுதம், உடல், பொருள்

இங்கே உண்மை உலகத்தின் அளவுகோல் தேவை. சில எண்களை மனதில் வைத்திருந்தால் போதும்.

வழக்கமான ரிவால்வரில் 6 குண்டுகள். பழைய எம்1911 கைத்துப்பாக்கியின் மேகசினில் 7, பெரெட்டா 92இல் 15, க்ளாக் 17இல் 17. ஏகே-47 மேகசினில் 30. அது நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டு வேகத்தில் சுடும், ஆகவே விசையை அழுத்திப் பிடித்தால் 3 விநாடியில் காலி. எண்ணும்போது ஷாட் மாறும் இடங்களைக் குறியுங்கள். மேகசின் மாற்றும் செயல் வெட்டுக்குள் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் கணக்கு மீறினால் மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

சைலன்சர் பொருத்திய துப்பாக்கி ‘புஸ்’ என்று மெலிதாகச் சத்தமிடுவதில்லை. சத்தம் குறையும், ஆனால் பக்கத்து அறைக்குத் தாராளமாகக் கேட்கும். சாதாரண ரிவால்வரில் அதைப் பொருத்துவதால் பயன் குறைவு, ஏனென்றால் குண்டு உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகச் சத்தம் தப்பிவிடும். கைக்குண்டின் முள்ளை இழுத்து வீசினால் வெடிக்க 4 முதல் 5 விநாடி ஆகும். அது பெரிய தீப்பந்தாக எரியாது, சிதறும் துண்டுகள்தான் கொல்லும்.

சுடப்பட்டவர் பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு விநாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ மனிதருக்குள் நின்றுவிட்டாலும், அவருக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டர்தான். அவரைத் தூக்கி எறியும் அளவுக்கு அதற்கு உந்தம் இருந்தால், சுட்டவரும் ஏறத்தாழ அதே அளவு பின்னால் பறந்திருப்பார்.

விழுவதைக் கணக்கிடுவதும் எளிது. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 50 கி.மீ. வேகத்தில் இருப்பார். 5 மீட்டர் விழுந்தபின் ஒரு கம்பியைப் பிடித்து அரை மீட்டருக்குள் நின்றால், அவர் கைகளில் விழும் விசை உடல் எடையைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு. விரல்கள் தாங்காது, தோளும் தாங்காது.

உடலைப் பொறுத்தவரை அதிகம் ஏமாற்றுவது மூன்று விஷயங்கள். தலையில் ஒரு தட்டு தட்டினால் ஒரு மணி நேரம் அமைதியாகத் தூங்கிவிட்டு எழுவது முதலாவது. உண்மையில் நினைவு சில நிமிடங்களுக்கு மேல் திரும்பாவிட்டால் மூளைக்குக் கடும் சேதம் என்று மருத்துவர்கள் பதறுவார்கள். இரண்டாவது, தோளில் குண்டு பட்டால் ‘சின்னக் காயம்’ என்பது. தோள்பட்டையை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாயும் கையை இயக்கும் நரம்புத் தொகுப்பும் ஓடுகின்றன. மூன்றாவது, மானிட்டரில் நேர்கோடு வந்ததும் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை எழுப்புவது. அந்தக் கருவி தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குபடுத்தத்தான், முற்றிலும் நின்ற இதயத்தை ஓட வைக்க அல்ல.

இவற்றையெல்லாம் பட்டியல் போட்டால் எந்த ஆக்‌ஷன் படமும் தேறாது. ஆகவே காயத்தில் நான் முதலில் பார்ப்பது தொடர்ச்சியைத்தான். இடது காலில் கத்திக்குத்து வாங்கியவர் பத்து நிமிடம் கழித்து எந்தக் காலை இழுத்து நடக்கிறார்? வலி திரும்ப வருகிறதா? காயத்தை மறந்த படம் அந்த மனிதரின் உடலையே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் எந்த ஆபத்துக்கும் நாம் பதறப்போவதில்லை.

பொருட்களில் எடையைக் கவனியுங்கள். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் 19 மடங்குக்கும் மேல். 40 லிட்டர் கொள்ளும் பெட்டியை அதனால் நிரப்பினால் 770 கிலோ வரும், யாரும் கையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. டாலர் நோட்டு எதுவானாலும் 1 கிராம்தான். பத்து லட்சம் டாலரை 100 டாலர் நோட்டுகளாகத் தூக்கினால் 10 கிலோ, 20 டாலர் நோட்டுகளாகத் தூக்கினால் 50 கிலோ. கதையில் எந்த நோட்டு என்பது வில்லன் எப்படித் தப்பிப்பான் என்பதையே மாற்றும்.

சேதமும் தொடர வேண்டும். ‘கமாண்டோ’ (1985) படத்தில் துரத்தலில் இடப்பக்கம் முழுக்க நசுங்கிய மஞ்சள் போர்ஷே கார், அடுத்துக் கிளம்பும்போது புத்தம் புதிதாக இருக்கிறது. காட்சிகள் கதை வரிசையில் படமாக்கப்படுவதில்லை என்பதே இப்படிப்பட்டவற்றுக்கு முக்கியக் காரணம். கார், கட்டு, ரத்தக்கறை எல்லாவற்றையும் குறித்துவைக்க ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்றே ஒருவர் படப்பிடிப்பில் இருப்பார். அவர் குறித்து எச்சரித்த பிறகும், எடிட்டிங் மேஜையில் வேகத்துக்காகவோ நடிப்புக்காகவோ பொருந்தாத ஷாட்டைத் தெரிந்தே தேர்ந்தெடுப்பது உண்டு.

படி 7: வில்லன் பக்கத்தில் போய் நில்லுங்கள்

பெரும்பாலானோர் ஹீரோவை மட்டுமே சோதிக்கிறார்கள். ஓட்டைகள் அதிகம் இருப்பது வில்லனின் திட்டத்தில். கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். வில்லன் நினைத்தது நடக்க எவையெல்லாம் நடந்தாக வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். அவற்றில் அவன் கட்டுப்பாட்டில் இருந்தவற்றை அடியுங்கள். மிச்சம் நிற்பவை அதிர்ஷ்டம். ‘வேண்டுமென்றே பிடிபட்டேன்’ என்று சிறையில் சிரிக்கும் வில்லனின் திட்டத்தில், எந்தச் சிறை, எந்தக் காவலர், எந்த நிமிடம் என்று ஐந்தாறு அதிர்ஷ்டங்கள் மிஞ்சினால் அது திட்டமே அல்ல.

பிறகு அவன் கையிலிருந்த சுலபமான வழியைக் கேளுங்கள். ஹீரோ கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறார், எதிரே துப்பாக்கி. ஏன் சுடவில்லை? அவரிடமிருந்து ஒரு தகவல் வேண்டும், அவர் தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், உயிரோடு ஒப்படைத்தால்தான் பணம். இதில் ஏதாவது ஒன்று முன்பே விதைக்கப்பட்டிருந்தால் சரி. எதுவும் இல்லாமல் நீளமாகப் பேசிவிட்டு, ஹீரோவைக் கொல்லும் வேலையை அடியாளிடம் விட்டுப் போனால், இத்தனை நேரம் அவனை மகா புத்திசாலி என்று சொன்ன படம் தன் வார்த்தையை மீறுகிறது. அடியாட்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து அடிவாங்குவதும் இந்தக் கணக்கில் சேரும். குறுகிய படிக்கட்டு, லிஃப்ட், ரயில் பெட்டியின் நடைபாதை என்று இடத்தையே காரணமாக்கும் ஸ்டண்ட் இயக்குநர்கள் இதை அழகாகத் தாண்டிவிடுவார்கள்.

தற்செயலைப் பற்றி எழுத்தாளர்களிடையே ஒரு பழைய விதி உண்டு: பாத்திரத்தைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை ஏற்கலாம், சிக்கலிலிருந்து விடுவிக்கும் தற்செயலை ஏற்கக்கூடாது. அப்படியே பயன்படுத்துங்கள்.

படி 8: இப்போது படத்துக்காக வாதாடுங்கள்

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும், படத்தின் வக்கீலாக நின்று காப்பாற்றப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டுபவர்களால்தான் பிழை தேடும் கலைக்கே கெட்ட பெயர்.

விளக்கம் பின்னணி வசனத்தில், ஒரு தொலைக்காட்சிச் செய்தியில், மேஜை மேல் கிடக்கும் காகிதத்தில் ஒளிந்திருக்கிறதா? பாத்திரம் பொய் சொல்லியிருக்கலாமா? பொய்யன் சொன்ன முன்கதையை உண்மை என்று எடுத்துக்கொண்டு படத்தின்மீது குற்றம் சாட்டுவது அடிக்கடி நடக்கிறது. நமக்குத் தெரிந்ததை அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோமா? ‘நானாக இருந்தால் இப்படிச் செய்திருப்பேன்’ என்பது மட்டும்தான் நம் வாதமா? அப்படியென்றால் அடித்துவிடுங்கள். சோபாவில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கிடைக்கும் நிதானம் தீப்பிடித்த கட்டடத்தில் ஓடுபவருக்குக் கிடைக்காது.

நீங்கள் பார்த்தது எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். தணிக்கையிலோ, தொலைக்காட்சிக்காகச் சுருக்கியதிலோ ஒரு காட்சி போயிருந்தால், ஓட்டை வெட்டியவர்களுடையது. டப்பிங்கிலும் சப்டைட்டிலிலும் எண், உறவுமுறை, கிண்டல் எல்லாம் மாறிப்போகும். வசனத்தை வைத்துச் சொல்லும் பிழை என்றால் மூல மொழியில் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

காப்பாற்ற நீங்களே ஒரு முழுக் கிளைக்கதையைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தால் வாதம் தோற்றது. திரையில் உள்ள ஏதாவது ஒரு துண்டைச் சுட்டிக்காட்டிக் காப்பாற்ற முடிந்தால் படம் வென்றது.

படி 9: தரம் பிரித்து, சாட்சியோடு எழுதுங்கள்

மிச்சமிருப்பவற்றை மூன்றாகப் பிரியுங்கள். எடுத்துவிட்டால் கதையே நிற்காது என்பவை மேலே. பாத்திரத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் குறைப்பவை அடுத்து. சக்கரமும் சட்டையும் கடைசி. முதல் பார்வையிலேயே உங்களை உறுத்தியவற்றை ஒரு படி மேலே ஏற்றுங்கள், ஃபிரேம் நிறுத்திக் கண்டவற்றை ஒரு படி கீழே இறக்குங்கள்.

ஒவ்வொன்றையும் எழுதும்போது நான்கு பகுதிகள் போதும்: படம் முன்பு எந்த நிமிடத்தில் என்ன சொன்னது, இப்போது எந்த நிமிடத்தில் என்ன காட்டுகிறது, இரண்டும் ஏன் சேர்ந்து நிற்க முடியாது, எந்த வாதத்தை முயன்று பார்த்தீர்கள். நம் கற்பனைப் படத்துக்கு இப்படி வரும்: “14ஆம் நிமிடம், தம்பி வலப்பக்கம் கூப்பிட்டும் நாயகிக்குக் கேட்கவில்லை. 97ஆம் நிமிடம், இருட்டில் வலப்பக்கக் காலடியைக் கேட்டு அதே திசையில் சுடுகிறார். நிழல், அதிர்வு, பிம்பம் எதுவும் காட்டப்படவில்லை. கேட்கும் கருவி அணிந்ததாகவும் எங்கும் இல்லை.” இதில் ‘அபத்தம்’, ‘கேவலம்’ போன்ற சொல் ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை. படிப்பவர் தானே போய்ச் சரிபார்க்கலாம், தவறிருந்தால் மறுக்கலாம்.

நேரக் குறிப்போடு பதிப்பின் பெயரையும் மொத்த ஓட்ட நேரத்தையும் சேருங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தைச் சில நாட்டுத் தொலைக்காட்சி, டிவிடி பதிப்புகள் 25 ஃபிரேமில் ஓட்டின. 120 நிமிடப் படம் அதில் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும், உங்கள் 97ஆம் நிமிடம் இன்னொருவருக்கு 93ஆக வரும். அதனால் நிமிடத்தோடு அந்த ஷாட்டின் ஒரு அடையாளத்தையும் எழுதிவிடுங்கள்: அணையும் விளக்கு, திறக்கும் கதவு, அவர் தலை திரும்பும் கணம்.